வடநாட்டுக் கோடையில் ஓட்டமும் ஆசனமும் மலைநடையும்

தலைநகர் தில்லியில் பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறை மே மாதத்து நடுவில் தொடங்கி ஜூன் இறுதி வரை நீடிக்கின்றது. தமிழ்நாட்டிலோ சித்திரையில் தொடங்கும் விடுமுறை ஜூன் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஆகவே ஊருக்குப் போய் இரண்டு வாரம் பாட்டி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு, அங்குள்ள தோழர்கள் எல்லாரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின்னும் சில வாரங்கள் மிச்சமிருக்கின்றன. அந்த நாள்களில் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கூலருக்கு எதிரே கைப்பேசியும் கையுமாகக் கிடப்பதே பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஜூலை பிறந்து பள்ளி திறந்ததும், இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூச்சு வாங்குகின்றது.

இதற்குப் பரிகாரமாக ஓட்டம், யோகாசனம், மலைநடை ஆகிய மூன்றையும் விடுமுறை நாள்களில் கைக்கொள்ளலாம் என்று சொல்லுவதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் தெற்கிலிருந்து வந்து வடக்கே குடியேறிய நமக்கு இதில் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. நம் உடம்பு அறிந்த வெயில் வேறு. இங்கே அடிக்கும் வெயில் வேறு. ஊரில் கற்ற பாடத்தை இங்கே அப்படியே பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே சொல்லுகிறோம்.

மூன்று கோடைகளுக்கு முன், தம்பியின் மகன் கல்லூரி விடுமுறைக்காக எங்களிடம் வந்திருந்தான். பத்தொன்பது வயது; ஊரில் நாள்தோறும் ஓடிப் பழகியவன். வந்த மறுநாளே காலை ஏழரை மணிக்குக் காலணியை மாட்டிக்கொண்டு அருகிலிருந்த பூங்காவுக்குக் கிளம்பினான். திரும்பி வந்தவன், "பெரியப்பா, இங்கே ஓடுவது எவ்வளவு சுகம்! அங்கே பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வியர்க்கவே இல்லை" என்றான். நாங்களும் அதைக் கேட்டு மகிழ்ந்தோமே அல்லாமல், தடுக்கவில்லை. மூன்றாம் நாள் உடன் நடக்கச் சென்றிருந்தோம். நான்காவது சுற்றில் அவன் கால் பின்னியது. என்ன என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னான். எங்களை அடையாளம் காணாதவன்போல் விழித்தான். பிறகு புல்லின்மேல் சாய்ந்துவிட்டான். நாங்கள் காரை வரவழைக்கக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது, செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஓடி வந்து, ரப்பர்க் குழாயைப் பையன்மேல் திருப்பித் தலை முதல் கால் வரை நனைத்தார். தம் தோள்துண்டைக் கழற்றி விடாமல் விசிறினார். கால்மணி நேரத்திற்குப் பின் பையன் எங்களை உறவு சொல்லி அழைத்தான். "முதலில் உடம்பைக் குளிர வைத்தீர்களே, அதுதான் பிள்ளையைக் காப்பாற்றியது" என்று மருத்துவமனையில் மருத்துவர் சொன்னபோது, அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு வாய் எழவில்லை.

பையன் சொன்ன அந்தச் சொல், "வியர்க்கவே இல்லை" என்பது, முற்றிலும் தவறு. அவனுக்கு வியர்த்தது, ஊரில் வியர்ப்பதற்குக் குறையாமலே வியர்த்திருக்கும். அது கண்ணுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே.

ஓடும்போது நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாக மாறுகின்றது. மற்ற மூன்று பங்கும் வெப்பமாகி உடம்பிலேயே சேருகின்றது. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 300 கலோரி செலவாகும். அதில் 225 கலோரிக்குக் குறையாமல் வெப்பமாக வெளியேற்றப்பட வேண்டும். வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் அந்தக் காற்றே ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதற்குமேல் சூடேறிவிட்டால், வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் போகும். ஆகவே நம் ஓட்டக்காரருக்கு ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டியிருக்கும்.

சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகின்றது, புழுங்குகின்றது, போதும் என்று உடம்பு தானே நிறுத்திவிடுகின்றது. தில்லியின் மே மாதக் காற்றோ உலர்ந்தது. வியர்வை சுரந்த கணமே ஆவியாகி மறைகின்றது. தோல் உலர்ந்திருக்கின்றது, சட்டை நனையவில்லை, புழுக்கமும் இல்லை. ஆனால் உடம்பிலிருந்து நீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கின்றது. நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவு சுருங்குகின்றது. தசைக்கும் தோலுக்கும் ஒருசேர இரத்தம் அனுப்ப இதயம் திணறுகின்றது. தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்தால் வெப்பம் வெளியேறும் வழி அடைபடுகின்றது. உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு தடுமாறினால் அதுவே வெப்ப மூர்ச்சை. நம் ஊரில் வியர்வை எச்சரிக்கும் மணி போன்றது. இங்கே அந்த மணி ஒலிப்பதில்லை.

'லூ' என்று வடநாட்டார் அழைக்கும் மேல்காற்றையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். காற்று வீசினால் சுகம் என்பது நம் ஊர் அனுபவம். மாலையில் கடற்காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் இராஜஸ்தானத்து மணற்பரப்பின் மேலாக வரும் இந்தக் காற்று நம் தோலைவிடச் சூடானது. ஆகவே அது வெப்பத்தை எடுத்துச் செல்லாமல் கொண்டுவந்து சேர்க்கின்றது. 2019ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி பாலம் வானிலை நிலையத்தில் 48 டிகிரி பதிவாயிற்று. சமவெளிகளில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, 47 டிகிரியைத் தொட்டால் கடும் வெப்ப அலை என்று வானிலைத் துறை வகுத்திருக்கின்றது. அந்த அறிவிப்பு உள்ள நாளில் ஓடாமலிருப்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் எப்பொழுதுதான் ஓடுவது? இதற்கு விடை சூரியனிடம் இருக்கின்றது. ஜூன் மாத நடுவில் தில்லியில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 5.25 மணிக்கு, சென்னையில் 5.45 ஆகிவிடும். இரவெல்லாம் குளிர்ந்த நிலம் சூரிய உதயத்தை ஒட்டியே மிகக் குளிர்ந்த நிலையில் இருக்கும். ஊரில் ஏழு மணி விடியற்காலையாக இருக்கலாம். இங்கே ஏழு மணி என்பது கிட்டத்தட்ட முற்பகல். ஐந்து மணிக்கு வீட்டை விட்டிறங்கி ஆறரைக்குள் திரும்பிவிட வேண்டும். மாலையில் ஓடலாமே என்பாருக்கு ஒரு சொல்: பகல் முழுவதும் வெயிலைக் குடித்த சாலையும் சுவர்களும் இரவு எட்டு மணிக்கும் அந்த வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். தவிர, வாகனப் புகை கடும் வெயிலில் காய்ந்து உண்டாகும் ஓசோன் வாயு பிற்பகலில் மிகுந்திருந்து மூச்சுக்குழலை உறுத்தும். காலையில் அது குறைவு.

லோதி தோட்டத்தில் அந்நேரம் போய்ப் பார்த்தால், சையது, லோதி மரபுச் சுல்தான்களின் கல்லறை மாடங்களைச் சுற்றி ஓடுபவர்களும் நடப்பவர்களும் திருவிழாக் கூட்டம்போல் இருப்பார்கள். மண்பாதையும் மரநிழலும் உள்ள இத்தகைய இடமே ஏற்றது. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகிய 'ரிட்ஜ்' காட்டுப் பகுதியும் நல்லதே. ஆனால் கையில் வாழைப்பழத்தோடு போகிறவர்களுக்குக் குரங்குகள் வேறு வகையான ஓட்டப் பயிற்சி அளித்துவிடும்.

முதல் நாளே முழுத் தூரமும் ஓடலாகாது. வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு ஏழு முதல் பதினான்கு நாள்கள் வேண்டும். அந்த நாள்களுக்குள் இரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகுகின்றது; வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகின்றது; அதில் வெளியேறும் உப்பும் குறைகின்றது. எங்கள் பையன் மூன்றாம் நாளே விழுந்தது தற்செயல் அன்று. முதல் வாரம் இருபது நிமிடம் போதும். அதிலும் இரண்டு நிமிடம் ஓடினால் இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் மிகுதி. சிறுவர்களுக்குப் பெரியவர்களைவிடக் குறைவாகவே வியர்க்கும். ஆகவே அவர்கள் நிற்கமாட்டோம் என்று அடம்பிடித்தாலும் நிறுத்த வேண்டியது நம் கடமை. ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தவர்கள் பழக்கத்தின் பெரும்பகுதியை இழந்திருப்பார்கள். மீண்டும் இருபது நிமிடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எவ்வளவு நீர் போயிற்று என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஓடப்போகுமுன் ஒரு முறையும், வந்து உடம்பைத் துடைத்துக்கொண்டபின் ஒரு முறையும் எடை பார்க்க வேண்டும். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் நீர் போயிருக்கின்றது. ஒரே மூச்சில் வெறுந்தண்ணீரைக் குடம் குடமாய்க் குடிப்பதும் தவறு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். உப்பிட்ட நீர்மோர் நமக்குத் தெரிந்ததுதான். மாங்காயைச் சுட்டுப் பிழிந்து உப்பும் சீரகமும் சேர்த்து வடநாட்டார் செய்யும் 'ஆம் பன்னா'வையும் நம் அடுக்களையில் சேர்த்துக்கொள்ளலாம். களைப்பு மிகுந்தால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். நினைவு தடுமாறினாலோ அது வேறு நிலை. வாயில் எதையும் புகட்டலாகாது. தோட்டக்காரர் செய்ததே சரி: நிழல், உடம்பெங்கும் நீர், இடைவிடாத விசிறல், அதன் பின்னரே மருத்துவமனை. காய்ச்சல் மாத்திரையால் இந்தச் சூடு தணியாது.

ஆறரைக்கு வீடு திரும்பியபின் நாள் முழுவதும் அடைபட்டிருக்க வேண்டுமே என்னும்போது, ஆசனங்கள் துணைக்கு வருகின்றன. இதற்கு வேண்டியது ஒரு விரிப்பும் ஆறடி இடமும் வெறும் வயிறும்தான். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் விளக்கியிருப்பதால் இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆசனப் பயிற்சியின் பெரும்பகுதி மைசூர் அரண்மனையில் 1930களில் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்து கிளைத்தது. அவர் பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, நூறு வயதை எட்டி, 1989இல் மறைந்தார்.

அவருடைய மாணாக்கர்களுள் பி. கே. எஸ். ஐயங்காரின் வரலாறு, பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு மிகவும் நெருக்கமானது. இளமையில் காசநோயும் டைபாய்டும் மலேரியாவும் வாட்டியெடுத்த அவர், தமக்கையின் கணவராகிய கிருஷ்ணமாச்சாரியாரிடம் வந்து சேர்ந்தார். 1937இல், ஆறு மாதம் கற்பித்துவிட்டு வருமாறு புனேக்கு அனுப்பப்பட்டார். மொழி தெரியாத அந்த ஊரிலேயே தங்கி, 2014இல் மறையும் வரை அதையே தம் ஊராக்கிக்கொண்டார். வளையாத உடம்புக்காரரும் ஆசனத்தைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காக மரக்கட்டை, வார், நாற்காலி, சுவர் ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கியது அவர் செய்த பேருதவி. நாற்பது வயதில் குனிந்து கால்விரலைத் தொட முடியாத நம் போன்றோர் வெட்கமின்றி நாற்காலியைத் தொடலாம்.

ஓடுகிறவருக்குக் கெண்டைக்காலும் தொடையின் பின்தசையும் இறுகிப்போகும். அதோமுக சுவானாசனமும் உத்தானாசனமும் அவற்றை நீட்டித் தளர்த்துகின்றன. வீரபத்திராசனமும் உத்கடாசனமும் தொடைக்கு வலுவூட்டி, பின்னால் சொல்லப்போகும் மலை இறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன. சீதளி பிராணாயாமம் செய்துகொண்டால் லூ காற்று ஒன்றும் செய்யாது என்று சொல்லுவோரும் இருக்கிறார்கள். நாக்கும் தொண்டையும் குளிர்வது உண்மையே; ஆனால் அதை நம்பி நடுப்பகலில் வெளியே இறங்குவது பேதைமை. முதுகு, கழுத்து நோவுள்ளவர்கள் நேரில் ஆசிரியரைக் கண்டே கற்க வேண்டும். திரையைப் பார்த்துச் சிரசாசனம் செய்து கழுத்தைச் சுளுக்கிக்கொண்டவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

இனி மலைக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகின்றது. தில்லி சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. நைனிதால் ஏரி சுமார் 1,940 மீட்டரில் இருக்கின்றது. ஏறத்தாழ 11 டிகிரி குறைவதற்கு இந்த உயர வேறுபாடே போதும். இரவு ரயிலில் ஏறினால் காலையில் காட்கோதாம்; அங்கிருந்து 35 கிலோமீட்டர் மலைச்சாலை. அங்கே போனவர்களுள் பலர் ஏரியில் படகு விட்டுவிட்டுக் கடைவீதியில் சுற்றித் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மேலே 2,615 மீட்டர் உயரத்தில் நிற்கும் நைனா சிகரத்துக்குக் கருவாலி மரங்களும் தேவதாரு மரங்களும் அடர்ந்த காட்டு வழி ஒன்று உண்டு. சுமார் 6 கிலோமீட்டர்.

மலைவழிக்கு நேரம் கணிக்க, நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் ஒரு விதி வகுத்தார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னுமொரு மணி. அதன்படி நைனா சிகரத்துக்கு இரண்டேகால் மணி ஆகும். அவர் மனத்தில் வைத்தது திடகாத்திரமான மலையேறிகளை. பிள்ளைகளும், வெங்காயச் சட்டினி வைத்த இட்டிலிப் பொட்டலமுமாகப் போகும் நம் குடும்பங்களுக்கு மூன்றரை மணி என்று வைத்துக்கொள்வது நலம். வானம் தெளிவாயிருந்தால் மேலிருந்து 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி தெரியும். கோடையில் புழுதியும் காட்டுத்தீப் புகையும் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும், தெரியாவிட்டால் ஏமாந்துபோகாதீர்கள். அந்தக் காட்டுத்தீ காரணமாகவே வழியில் எங்கும் நெருப்பு மூட்டித் தேநீர் போடும் ஆசை கூடாது. கீழே உதிர்ந்து கிடக்கும் பைன் ஊசியிலைகள் சருகினும் விரைவாகப் பற்றிக்கொள்ளும்.

ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும். முழங்காலும் தொடையும் நோவது இறக்கத்தினால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகின்றது. பழக்கமில்லாவிட்டால் மறுநாள், அதற்கு மறுநாள் படியிறங்க முடியாது. இதற்கு முன்பயிற்சி தில்லியிலேயே இருக்கின்றது. ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மேல் 1973இல் எழுந்த சுவாமிநாதர் ஆலயத்தை, 'மலைமந்திர்' என்று ஊரே அழைக்கின்றது. அதன் படிகளைக் காலை வேளையில் ஏறி, இறங்கும்போது அவசரப்படாமல் ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி இறங்குவதை இரண்டு வாரம் செய்தால் போதும். கோயில் தொலைவில் உள்ளவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி இருக்கவே இருக்கின்றது. மின்தூக்கியை மறந்துவிட வேண்டும்.

விடுமுறையில் கேதாரநாத யாத்திரை போகும் நம்மவர்கள் பலர். அவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். கௌரிகுண்டம் சுமார் 1,980 மீட்டர். ஆலயம் 3,583 மீட்டர். ஒரே நாளில் இவ்வளவு ஏறினால் 2,500 மீட்டருக்கு மேல் காற்றின் அழுத்தம் குறைவதால் தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் வரக்கூடும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மலைமருத்துவ விதி. யாத்திரை வழியில் அந்த விதியைக் காப்பது அரிது. ஆகையால் கீழே ஓர் இரவேனும் தங்கிப் போவதும், தலைவலி முற்றித் தள்ளாட்டம் வந்தால் தரிசனம் கிடைக்காவிட்டாலும் உடனே கீழே இறங்குவதும் இன்றியமையாதவை. நன்றாக ஓடிப் பழகியவர்களையும் இந்நோய் விடுவதில்லை. தேகபலத்தை நம்பி வேகமாக ஏறும் இளைஞர்களே சில வேளை முதலில் அகப்படுகிறார்கள்.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்கள் நாம் உலர்வெப்பத்தைப் பற்றிச் சொன்னதைத் தங்கள் ஊருக்குப் பொருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களுடையது சென்னையைப்போல் ஈரப் புழுக்கம். நாகபுரி, ஜெய்ப்பூர், கான்பூர் அன்பர்களுக்கோ ஒவ்வொரு சொல்லும் பொருந்தும்.

தில்லிக்கும் ஈரம் வந்து சேரும் காலம் உண்டு. ஜூன் கடைசி வாரத்தில் பருவமழை எட்டிப் பார்க்கும்போது, இங்கே சொன்ன கணக்கு தலைகீழாக மாறுகின்றது. வெப்பமானி ஐந்தாறு டிகிரி இறங்கியிருக்கும். ஆனால் வியர்வை உலராது. குறைந்த வெப்பத்திலும் உடம்பு குளிர மறுக்கும். அந்த மாற்றம் எந்த நாளில் நேர்ந்தது என்பதை அறிய வானிலை அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டுக் கூலரும் நம் தோலும் ஒரே முறையில் வேலை செய்பவை. இரண்டும் நீரை ஆவியாக்கியே குளிர்விக்கின்றன. என்றைக்குக் கூலர் ஓடியும் அறை குளிரவில்லையோ, அன்று காலை முதல் ஓட்டத்தின் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள்.